பால் பாக்கெட்டைக் குறைத்தால் கிரெடிட் கார்டு கடன் அடையுமா?

1-ம் தேதி சம்பளம் வந்துவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி. 5-ம் தேதிக்குள் அதே போனில் வரிசையாக மற்ற குறுஞ்செய்திகள்: கார் இஎம்ஐ, பெர்சனல் லோன் இஎம்ஐ, ஸ்கூல் வேன், கிரெடிட் கார்டு பில். 10-ம் தேதி ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு, கணவனும் மனைவியும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எதைக் குறைக்கலாம்?

"பால் ஒரு பாக்கெட் போதும்." முதல் வரி இப்படித்தான் விழுகிறது. அடுத்து, "பேப்பரை நிறுத்திடலாம்." (ஒரு நாளிதழுக்கு இதை எழுதக் கொஞ்சம் கஷ்டம்தான்.) மூன்றாவது, "பாத்திரம் தேய்க்க வர்ற அக்காவை அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்னு சொல்லிடு."

இந்த மூன்று வரியிலும் கடன் என்ற சொல்லே இல்லை. இளம் குடும்பங்களின் சிக்கனத் திட்டங்கள் பல தோற்றுப்போவதற்கு இதுவே காரணம். தினமும் கண்ணில் படும் செலவில் கை வைக்கிறார்கள். ஒருமுறை கையெழுத்துப் போட்டதோடு மறந்துபோன செலவு, மாதாமாதம் தானாகவே போய்க்கொண்டிருக்கிறது.

நோட்டில் எழுதாத கணக்கு

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மேடவாக்கத்தில் வாடகை வீடு, எல்கேஜி படிக்கும் ஒரு குழந்தை. இருவரும் வேலைக்குப் போகிறார்கள், சேர்த்துக் கையில் வருவது 82,000 ரூபாய். வாடகை 17,000. கார் இஎம்ஐ 11,500. கல்யாணத்துக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் வாங்கிய பெர்சனல் லோனுக்கு 9,800. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 14,000. ஸ்கூலும் வேனும் 6,500. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 5,000. பெட்ரோல் 4,000. கரன்ட் பில், மெயின்டனன்ஸ், போன், இன்டர்நெட் என்று இன்னொரு 4,500. கிரெடிட் கார்டில் 1,20,000 ரூபாய் பாக்கி, அதற்கு 'மினிமம் டியூ' 6,000.

கூட்டினால் 78,300. மிச்சம் 3,700 ரூபாய். ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், இரண்டு முறை ஆர்டர் செய்த பிரியாணி, அதுவும் காலி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் மறுபடியும் கார்டில்தான்.

இந்தக் கார்டு பாக்கியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பல கார்டுகளின் வட்டி மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம். மாதத்துக்கு, வருடத்துக்கு அல்ல. 3.5 சதவீதம் என்று வைத்தால் 1,20,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 4,200. வட்டி மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 756. ஆக மொத்தம் 4,956 ரூபாய். கட்டிய 6,000-ல் அசலில் கழிவது வெறும் 1,044 ரூபாய்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முழு பில்லையும் கட்டாத மாதத்தில் 'வட்டியில்லா நாட்கள்' சலுகை போய்விடும். அந்தக் கார்டில் இன்று வாங்கும் அரிசி மூட்டைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். ரிவார்டு பாயின்ட்ஸ் கிடைக்கிறது என்று பாக்கி உள்ள கார்டில் மளிகை வாங்குவது, கடைக்காரரிடம் 40 சதவீத வட்டிக்குக் கடன் சொல்லிவிட்டு அவர் கொடுக்கும் கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கி வருவது மாதிரி.

இப்போது பால் பாக்கெட்டுக்கு வருவோம். தினமும் அரை லிட்டர் குறைத்தால் மாதம் 600, 700 ரூபாய் மிஞ்சும். மளிகைச் செலவு மொத்தத்தையும் கஷ்டப்பட்டு ஐந்தில் ஒரு பங்கு வெட்டினாலும் 2,800 ரூபாய்தான். கார்டின் ஒரு மாத வட்டிகூட அதில் அடங்காது.

சாப்பாட்டுச் செலவில் கை வைக்கவே கூடாது என்பதில்லை. மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், நகர்ப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு சுமார் 40 சதவீதம். உணவுக்குள் தனிப்பெரும் பங்கு எதற்குப் போகிறது தெரியுமா? பானங்கள், நொறுக்குத் தீனி, தயார் உணவு ஆகிய வகைக்கு. மொத்தச் செலவில் அது மட்டும் சுமார் 11 சதவீதம். பாலும் முட்டையும் அதற்குப் பிறகுதான். வெட்டுவதானால் அங்கே வெட்டலாம். குழந்தையின் டம்ளரில் வேண்டாம்.

யாருடைய பங்கு குறைகிறது?

பட்ஜெட்டைக் குறைப்பது என்று பொதுவாகச் சொன்னாலும், வீட்டில் அது எல்லோருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் முட்டை இல்லாமல் போகிறது. உதவிக்கு வரும் அக்காவை நிறுத்தினால் 2,500 ரூபாய் மிச்சம் என்று நோட்டில் எழுதிவிடலாம். பாத்திரம் மட்டும் தானாகத் தேய்ந்துவிடாது.

2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு ஒரு கணக்கு தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வேலைக்குப் போகும் மனைவியின் தலையில் இன்னும் ஒரு மணி நேரத்தை ஏற்றிவிட்டு அதைச் 'சேமிப்பு' என்று எழுதுவது கள்ளக் கணக்கு. சிங்க்கின் முன்னால் கணவன் நிற்பதாக இருந்தால் அந்த 2,500-ஐத் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். நின்றுபோகும் அந்தச் சம்பளம் இன்னொரு வீட்டின் பட்ஜெட் என்பது வேறு கதை.

அடுத்து நகை. கணக்குப்படி பார்த்தால் இந்தக் குடும்பத்துக்கு முன்னால் இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று, நகையை வங்கியில் அடகு வைத்துக் கார்டை ஒரே அடியாக மூடுவது. வங்கி நகைக்கடன் வருடத்துக்கு 9, 10 சதவீத அளவில் தொடங்குகிறது. மாதம் 8,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால், கார்டு வட்டியில் இந்தக் கடன் தீர 24 மாதம் ஆகும். 10 சதவீத வட்டியில் 16 மாதம் சொச்சத்தில் தீர்ந்துவிடும். கையில் நிற்கும் வித்தியாசம் 60,000 ரூபாய்க்கு மேல். பால் பாக்கெட்டில் இதைச் சேர்க்க ஏழெட்டு வருடம் ஆகும்.

ஆனால் அந்த நகை பெரும்பாலும் மனைவியுடையது, பெண் வீட்டில் போட்டது. கார்டோ பல வீடுகளில் கணவன் பெயரில் இருக்கும். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்வது சுலபம். அவர் சம்மதம் கேட்டு, எந்த மாதம் மீட்பது என்று தேதி குறித்து, அதுவரை அந்தக் கார்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டுச் செய்ய வேண்டிய காரியம் இது. கடைசி நிபந்தனை தவறினால் நகையும் அடகில் இருக்கும், கார்டும் மறுபடி நிரம்பியிருக்கும். நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான், கடைசியில் மொத்தமாகக் கட்டும்படியும் இருக்கும். அதனால் மாதாமாதம் கட்டிவருவதும், நடுவில் ஒருமுறை புதுப்பிப்பதும் அவசியம். நகை இல்லாதவர்கள், வைக்க மனம் இல்லாதவர்கள், கார்டு பாக்கியை இஎம்ஐ-யாக மாற்றித் தரச் சொல்லி வங்கியைக் கேட்கலாம். அந்த வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் பாதிக்கும் கீழே இருக்கும். பிராசஸிங் கட்டணத்தை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை கார்

உதாரணக் குடும்பத்தில் இருவரும் பைக்கிலும் பஸ்ஸிலும்தான் வேலைக்குப் போகிறார்கள். கார் வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமை. இஎம்ஐ 11,500, அதற்கு மேல் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ். கடனில் 3.5 லட்சம் பாக்கி இருந்து, 4 லட்சத்துக்கு விலை போகிறது என்றால், விற்ற அன்றே கார் கடன் முடிந்து கையில் கொஞ்சம் மிஞ்சும். முன்கூட்டி முடிப்பதற்கு ஒரு கட்டணம் இருக்கலாம். வங்கியிடம் என்ஓசி-யும் படிவம் 35-ம் வாங்கி ஆர்சி-யில் இருந்து கடன் குறிப்பை நீக்க வேண்டும். இரண்டு வார அலைச்சல். அதன் பிறகு மாதம் 11,500 ரூபாய் நிஜமாகவே மிச்சம்.

இருந்தாலும் நோட்டில் கார் வருவதே இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். கார் வாங்கியபோது ஸ்டேட்டஸ் போட்டாயிற்று, ஊரில் சாமி கும்பிட்டு எலுமிச்சைப்பழம் ஏற்றியாயிற்று. விற்றால் "என்னாச்சு?" என்று நாலு பேர் கேட்பார்கள். பால் பாக்கெட் ஒன்றானதை யாரும் கேட்கப்போவதில்லை. வயதான அம்மா, அடிக்கடி ஆஸ்பத்திரி, குழந்தைக்கு வீசிங் என்று நியாயமான தேவை உள்ள வீடுகள் உண்டு. அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் அந்த ஒரு வரியையாவது நோட்டில் எழுதிப் பார்க்கலாம்.

சின்னச் சின்ன வழிகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் கட்டணமும் சேர்ந்து ஏறும் என்பதால், மே மாதத்தில் ஏசி ரிமோட்டைவிட மீட்டரைப் பார்ப்பது லாபம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்தால், எப்போதோ இலவச சோதனைக்காகச் சேர்ந்த இரண்டு ஓடிடி-கள் அங்கே இருக்கும்.

மருத்துவக் காப்பீட்டையும் டேர்ம் பாலிசியையும் மட்டும் வெட்டக் கூடாது. ஆபீஸ் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். தனிநபர் பாலிசிகளின் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி-யும் இல்லை. கடன் அடைக்கும் வேகத்தில் கையிருப்பு முழுவதையும் வழித்துக் கொடுத்துவிடுவதும் ஆபத்து. பத்து, பதினைந்தாயிரமாவது தனியாக இல்லாவிட்டால், அடுத்த காய்ச்சலுக்குக் கார்டுதான் மறுபடி வெளியே வரும்.

சிக்கனம் குடும்பத்துக்கு மட்டும்தானா?

இத்தனை அறிவுரையும் குடும்பத்துக்கே சொல்லப்படுகிறது. கடன் கொடுக்கும் பக்கம் என்ன நடக்கிறது? 'உங்களுக்கு 4 லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு' என்று போனில் தினமும் ஒரு அழைப்பு. பில் கட்டும் திரையில் முழுத் தொகைக்குப் பக்கத்திலேயே, தொட வசதியாக, மினிமம் டியூ.

ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியாததல்ல. 2023 நவம்பரில், அடமானம் இல்லாத நுகர்வோர் கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தை உயர்த்தியது. 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன் தரும்போது எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர வட்டி விகிதத்தை ஒரு விவரத்தாளில் காட்டியாக வேண்டும். ஆனால் கார்டு வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையல்ல என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஒரு குடும்பம் 40 சதவீத வட்டியை அரை லிட்டர் பாலால் எதிர்கொள்ளப் பார்க்கிறது என்றால், பொறுப்பில்லாதவர்கள் என்று அந்தக் குடும்பத்தை மட்டும் திட்டுவது நியாயமாகாது. உச்சவரம்பு ஒன்று வேண்டும் என்ற கேள்வியை மறுபடி எழுப்பத்தான் வேண்டும்.

நோட்டில் கடைசியாக ஒரு வரி மிஞ்சுகிறது: ஊருக்கு அனுப்பும் 5,000. பல வீடுகளில் கடன் இருப்பதே ஊரில் தெரியாது. பையன் மெட்ராஸில் நன்றாக இருக்கிறான் என்றுதான் அங்கே பேச்சு. அந்தப் பணத்தில் பிரஷர் மாத்திரை இருக்கலாம், அதில் கை வைக்க முடியாது. அம்மா அப்படியே எடுத்து ஏலச்சீட்டில் போட்டுக்கொண்டும் இருக்கலாம், பேரப்பிள்ளை பெயரில். கேட்டால்தான் தெரியும். "அம்மா, ஒன்றரை வருஷத்துக்கு ரெண்டாயிரம் குறைச்சு அனுப்பட்டுமா?" என்று கேட்கும் அந்தப் போனைத்தான் ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போட்டுவிட்டு, பால்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.