ஓரியூரில் ஒரு திருநீற்றுப் புதன்

1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, திருச்சபையின் கணக்குப்படி தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்கிழமை. முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைக் கத்தோலிக்கர்கள் நெற்றியில் ஏற்கும் அந்நாளில்தான், லிஸ்பன் நகரத்து உயர்குடியிற் பிறந்து, அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்து, பின்னர் இயேசு சபைத் துறவியாகி, காவியுடுத்து மரக்கறி உண்டு அருளானந்தர் என்னும் பெயரோடு தமிழ் மக்களிடையே வாழ்ந்த ஜான் தெ பிரிட்டோ, மறவர் சீமையின் ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் இன்றும் அங்கே யாத்திரை போகிறவர்கள், அவர் உதிரம் படிந்ததாகப் போற்றும் செம்மணலைப் பயபக்தியோடு எடுத்துவருகிறார்கள்.

துன்பத்துக்கு அர்த்தம் உண்டா என்று தவக்காலந்தோறும் பிரசங்க மேடைகளில் எழுகின்ற வினாவுக்கு, துன்பமே கடவுள் அனுப்பிய பரிசு என்று சிலர் தரும் விடையை என் மனம் ஒருபோதும் ஏற்றதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்வது குரூரம். யோபுவின் நண்பர்கள், அவன் பட்ட வேதனைக்கெல்லாம் அவன் பாவமே காரணமென்று சாதித்தார்கள். வேதாகமமோ இறுதியில் அவர்களையே குற்றவாளிகளாக நிறுத்துகிறது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் துன்பத்தை வலிந்து வரவேற்கவில்லை; அது நீங்கவேண்டுமென்று வேர்வை சிந்த மன்றாடினார்; சிலுவையில் தாம் கைவிடப்பட்டதாகக் கதறவும் செய்தார். வேதனையைப் புகழாத ஒரு வேதம், வேதனைப்படுகிறவனை விட்டு அகலாத ஒருவரை நமக்குக் காட்டுகிறது என்பதே என் விசுவாசம்.

அருளானந்தரின் சரித்திரத்தையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். 1686-இல் அவரும் அவருடைய உபதேசியார்களும் பிடிபட்டு, விலங்கிடப்பட்டு, சாட்டையடியும் நீரில் அமிழ்த்தலும் சுடுகின்ற கற்பாறைமேல் கிடத்தி மிதித்தலுமாகப் பல வதைகளை அனுபவித்தபின், மறவர் சீமையின் அரசர் கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இச்சீமையில் இனிப் போதிக்கலாகாது என்னும் கட்டளையோடு விடுவித்தார். சபைக் காரியமாக ஐரோப்பா சென்றவரை, பழைய தோழராயிருந்து அரசராகிவிட்ட இரண்டாம் பேதுரு தம்மருகிலேயே இருத்திக்கொள்ள விரும்பினார். கௌரவமும் ஓய்வும் கைக்கெட்டிய தூரத்திலிருந்தபோது, அவற்றை விலக்கி 1690-இல் அவர் இந்தியா திரும்பியது வேதனையின்மேற் கொண்ட மோகத்தாலன்று; தம்மோடு அடிபட்டவர்களும், தம்மை நம்பியவர்களும் இங்கே இருந்தார்கள் என்பதால்தான். அன்பு அவரை அழைத்தது. துன்பம் அந்த வழியில் காத்திருந்தது. இவ்விரண்டின் வரிசையை மாற்றிச் சொன்னால் புனிதரின் வாழ்வே பொருளிழந்துவிடும்.

அவருடைய மரணத்துக்கு வழிவகுத்த சம்பவத்தில் வேறொரு துன்பமும் இருக்கிறது; நம் பிரசங்கங்களில் அது இடம்பெறுவதேயில்லை. சேதுபதியின் வம்சத்தைச் சேர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காகத் தம் மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்ட கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையீடே அரசரின் சினத்தை மூட்டியது. அவளைக் கொடியவளாகவே சித்திரிப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஒரே நாளில் கணவனையும் மானத்தையும் இழந்து நின்ற அந்தப் பெண்ணின் கண்ணீருக்குச் சிலுவையடியில் இடமில்லையென்று எவரால் சொல்லமுடியும்? புனிதரை வணங்குகிற நாம் அவளுக்காகவும் ஜெபிக்கக் கடமைப்பட்டவர்கள்.

செட்டிநாட்டு மக்களுக்கு விரதம் புதியதன்று. தவக்காலம் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் வருகிறது. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்போரும் அதே மாதங்களில் காப்புக் கட்டி விரதமிருக்கிறார்கள். ஒரே தெருவில் இருவகை நோன்பும் அக்கம்பக்கமாக நடக்கின்றன. உடலை வருத்துவதில் ஒரு நேர்ச்சையின் கண்ணியம் உண்டென்பதை இந்த மண் நன்கு அறியும். ஆயினும் நாமாக ஏற்கும் நோன்பு வேறு, கேளாமலே வந்து கவிகிற புற்றுநோயும் கடனும் தனிமையும் வேறு. முன்னதற்கு முடிவுநாள் குறிக்கப்பட்டிருக்கிறது, பின்னதற்கு இல்லை. நாற்பது நாள் பசி, முடிவு தெரியாமல் பசித்திருப்பவனை நமக்கு அடையாளம் காட்டவேண்டும். அதைச் செய்யாத நோன்பினால் என்ன பயன் என்று ஏசாயா தீர்க்கதரிசி அன்றே கேட்டிருக்கிறார்.

சருகணியில் அடக்கமாகியுள்ள லெவே அடிகளாரை இந்நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன். 1884-இல் பிரான்சு தேசத்தில் பிறந்து, வானம் பார்த்த இப்பூமியில் ஏழைகளிடையே நெடுங்காலம் உழைத்து, 1973 மார்ச் 21 அன்று, அதுவும் ஒரு தவக்காலத்துப் புதன்கிழமை, அவர் உயிர்நீத்தார். எந்த வாளும் அவரைத் தீண்டவில்லை. பிறர் துன்பத்தின் அருகே சலியாமல் நிலைத்திருந்த அவருடைய முதுமை, ஓரியூரின் வாளுக்கு எவ்வகையிலும் குறைந்த சாட்சியன்று என்பது என் துணிபு.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் தலத்தில், வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேன் ஊர்ச் சீமோன் இயேசுவின் சிலுவைக்குத் தோள்கொடுக்கிறான். நம் ஊர்களில் பெரிய பெரிய வீடுகளின் பின்கட்டில், பிள்ளைகள் கடல்கடந்து போய்விட, பேச்சுத்துணைகூட இல்லாமல் படுத்திருக்கிற முதியோர் எத்தனை பேர்! வெள்ளிக்கிழமைதோறும் ஆலயத்தில் பதினான்கு தலங்களையும் சுற்றிவரும் நம் பங்கு மக்கள், இவ்வாண்டு அந்த ஐந்தாம் தலத்தை மட்டுமாவது அத்தகையோர் வீடுகளில், எந்தச் சாதி எந்தச் சமயமென்று கேளாமல், கஞ்சியோடும் மருந்தோடும் போய் நிறைவேற்றவேண்டும் என்று வேண்டுகிறேன்.