சுவரில் ஒரு காலக்கோடு

பிள்ளைகளுக்கு இல்லத்திலேயே சரித்திரம் கற்பிக்கும் அன்பர்கள் சுவரில் காலக்கோடு ஒன்று ஒட்டுதல் நலம். நூறாண்டுக்கு ஒரு சாண் என அளவு கொள்க. இடையில் அளவு மாறினால் கோடு பொய் சொல்லும்.

ஏழு வயதுக் குழந்தைக்கோ நூற்றாண்டு என்பது வெறும் ஒலி. அதற்குத் தனிக்கோடு வேண்டும். ஆண்டுக்கு ஒரு விரற்கடை. தன் பிறப்பு, தாயின் பிறப்பு, பாட்டி ஊரை விட்டு வந்த ஆண்டு, இவை போதும். வகுப்பைக் கொண்டு படியை முடிவு செய்தல் தகாது. "பாட்டி பிறந்தபோது ரயில் இருந்ததா?" எனத் தானே வினவும் குழந்தை பெரிய கோட்டிற்கு ஆயத்தமாகிவிட்டது. 1853இன் பம்பாய் - தாணா ரயிலையும், 1856இன் இராயபுரத்து ரயிலையும் அதில் குறிக்கலாம். (ரயில்வே குமாஸ்தாவுக்கு வேறென்ன தோன்றும்!)

வளர்ந்த பிள்ளைகளோ வடநாட்டுச் சரித்திரமும் தமிழகச் சரித்திரமும் வெவ்வேறு உலகங்கள் என எண்ணிவிடுகின்றனர். அவர்களுக்குக் கோட்டின் மேற்புறம் வடக்கையும் கீழ்ப்புறம் தெற்கையும் எழுதிக் காட்டுக. கஜினி மாமூதின் சோமநாதபுரப் படையெடுப்பு 1025-26. இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025. இரண்டும் ஒரே இடத்தில் விழும்!

கி.மு. ஆண்டுகள் பின்னோக்கிச் செல்பவை. பிள்ளைகள் கணக்கில் குறை எண்களைக் கற்ற பின்னர் அவற்றைச் சேர்க்கலாம்.