வேலி இருக்கு, சான்றிதழும் இருக்கு... குளம் பத்திரமா? வீட்டு நீச்சல் குளத்துக்கு ஆஸ்திரேலியச் சட்டம் சொல்வது என்ன?

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் வாடகைக்கு வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதில்லை. வீடு பிடித்துப்போகும், பின்பக்கம் நீச்சல் குளமும் இருக்கும். ஏஜென்ட் தரும் காகிதங்களோடு குளத்துத் தடுப்பு வேலிக்கான சான்றிதழ் ஒன்றும் வரும். கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கிக் குடியேறிய இரண்டாவது வாரம், வெயில் நன்றாக விழுகிறதே என்று வேலியை ஒட்டி நாலு கறிவேப்பிலைத் தொட்டி வைக்கிறார்கள். அன்றைக்கே அந்தச் சான்றிதழ் சொல்லும் நிலையில் வேலி இல்லாமல் போய்விடுகிறது.

தொட்டிக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தத் தொட்டி ஒரு படிக்கட்டு. 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் தண்ணீரில் மூழ்குவதும் ஒன்று. சினிமாவில் காட்டுவதுபோல அலறலோ கையசைப்போ பெரும்பாலும் இருக்காது. சத்தமே இல்லாமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'நான் பாத்துட்டேதான் இருந்தேன், ஒரு போன் வந்துச்சு' என்கிற அந்த ஒரு போன் நேரத்துக்காகத்தான் வேலி.

எந்தக் குளத்துக்கு வேலி வேண்டும்?

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டின் நீச்சல் குளச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எந்தக் குளமானாலும் அதைச் சுற்றித் தடுப்பு வேண்டும். சிமென்ட் குளம் மட்டும்தான் கணக்கு என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோடைக்குக் கடையில் வாங்கிக் காற்றடித்து, ஹோஸ் பைப்பில் நிரப்பும் பிளாஸ்டிக் குளமும் அந்த ஆழம் தாண்டினால் சட்டத்துக்குள் வந்துவிடும். வெந்நீர் ஸ்பா தொட்டிக்கு மட்டும், பூட்டக்கூடிய உறுதியான மூடி இருந்தால் போதும்.

இனி அளவுகள். வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர், வெளியே நின்று அளக்க வேண்டும். தரைக்கும் வேலியின் அடிப்பகுதிக்கும் இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. நிற்கும் கம்பிகளுக்கு இடையிலும் அதே 10 செ.மீ.தான். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பொதுவான எல்லை வேலியே குளத்துக்கும் வேலி என்றால், அது 1.8 மீட்டர் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒருமுறை கட்டினால் முடிந்துபோகிற விஷயம். தினமும் மாறுவது வேலியைச் சுற்றி இருக்கும் இடம். வேலிக்கு வெளியே 90 செ.மீ. தூரத்துக்குள் குழந்தை கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்கிறது விதி. தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, பார்பிக்யூ அடுப்பு, குப்பைத் தொட்டி, தாழ்ந்து வளர்ந்த கிளை, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள்... எல்லாமே இதில் அடக்கம். வேலி அங்குலம்கூட அசைந்திருக்காது. ஆனால் பக்கத்தில் அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு தொட்டி வந்துவிட்டால், அதன்மேல் நிற்கும் குழந்தைக்கு 1.2 மீட்டர் வேலி வெறும் 70 செ.மீ.தான்.

கேட்தான் பலவீனமான இடம்

கேட் குளத்தின் பக்கம் திறக்கக் கூடாது. வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். குழந்தை சாய்ந்து தள்ளினாலும் கேட் உள்ளே போகாமல் நிற்பதற்காக இப்படி. திறந்து விட்டால் தானே சாத்திக்கொள்ள வேண்டும், கொண்டியும் தானே விழ வேண்டும். முழுக்கத் திறந்து விட்டால் மட்டும் இல்லை, ஒரு சாண் திறந்து விட்டாலும், கொண்டிமேல் மெல்லச் சாய்த்து வைத்தாலும் கையால் தள்ளாமலே பூட்டிக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் வேகமாக விட்டால் 'டக்' என்று விழும் கொண்டி, மெதுவாக விட்டால் விழாது. கொண்டியைத் திறக்கும் பிடி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதுதான் வழக்கம். அதற்குக் கீழே என்றால் வெளியிலிருந்து கைவிட முடியாதபடி மறைப்பு வேண்டும்.

கேட் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. கீல் துருப்பிடிக்கும், ஸ்பிரிங் தளரும், மழைக்கு மண் இறங்கித் தூண் லேசாகச் சாயும். ஒரு விரல்கடை விலகினால் போதும், கொண்டி பொருந்தாது. அதைவிட மோசம், மனிதர்கள் செய்வது. பிறந்தநாள் பார்ட்டியன்று தட்டு எடுத்துக்கொண்டு போக வர வசதியாக கேட்டுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுப்பார்கள். குழந்தைகள் அதிகமாக இருக்கும் நாளும் அதுதான்.

வீட்டுக்காரர் பொறுப்பா, குடியிருப்பவர் பொறுப்பா?

இருவருக்கும் பங்கு உண்டு. வேலி விதிப்படி இருப்பதற்கு உரிமையாளர் பொறுப்பு. குளத்தை அவர் மாநிலத்தின் ஆன்லைன் பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும். வேலி சரியில்லை என்று வழக்கு நீதிமன்றம் போனால் 5,500 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் விழலாம். ஆனால் கேட்டை எப்போதும் சாத்தி வைப்பது அங்கே குடியிருப்பவரின் வேலை என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. 'வாடகை வீடுதானே, ஓனர் பாத்துக்குவார்' என்ற பேச்சு செங்கல் விஷயத்தில் எடுபடாது. கீல் தளர்ந்தால் ஏஜென்டுக்குப் போனில் சொல்வதோடு நிறுத்தாமல், போட்டோவுடன் மெயில் அனுப்பிவைப்பது நல்லது.

2016 ஏப்ரல் 29 முதல், குளம் உள்ள வீட்டைச் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. கவுன்சிலோ உரிமம் பெற்ற தனியார் ஆய்வாளரோ பார்த்துக் கொடுக்கும் இந்தச் சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். பல வீடுகள் சேர்ந்த அடுக்குமாடிகளுக்கு இந்த நிபந்தனை இல்லை. அங்கே பொதுக் குளத்தைக் கவுன்சில் 3 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும்.

வீடு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. விற்பவர் 'விதிப்படி இல்லை' என்ற சான்றிதழையே ஒப்பந்தத்தில் இணைத்து வீட்டை விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படி வாங்கினால், 90 நாளுக்குள் சரிசெய்யும் பொறுப்பும் செலவும் வாங்கியவர் தலையில். பத்திரக் கட்டில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று பார்க்காமல் விலை பேசினால், பிறகு வேலிக்காரரிடம்தான் பேச வேண்டிவரும்.

பழைய குளங்களுக்கு ஏன் சலுகை?

நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தின் பெரிய ஓட்டை இது. 1990 ஆகஸ்ட் 1-க்கு முன் கட்டிய குளங்களில், வீட்டுச் சுவரையே தடுப்பின் ஒரு பக்கமாகக் காட்டலாம். குளத்துப் பக்கம் திறக்கும் கதவும் ஜன்னலும் குழந்தை திறக்க முடியாதபடி இருந்தால் போதும். காகிதத்தில் சரிதான். நடைமுறையில், குழந்தை தூங்கி எழும் ஹாலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கண்ணாடிக் கதவு. 1990-இல் கட்டிய குளமா, போன வருடம் கட்டியதா என்று குழந்தைக்குத் தெரியாது.

குயின்ஸ்லாந்து இந்தச் சலுகையை ஒழித்துக்கட்டியது. 2010-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்து, பழைய குளங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் கொடுத்து, 2015 முதல் எல்லாக் குளத்துக்கும் ஒரே அளவுகோல் என்றாக்கியது. விக்டோரியாவில் வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் 4 ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கும் உரிமையாளரின் குளத்தையும் யாராவது வந்து பார்ப்பார்கள் என்பதால், இது நியூ சவுத் வேல்ஸ் முறையைவிட மேலானது. பிரான்ஸ் வேறு பாதையில் போனது. வேலி, அலாரம், மூடி, கூரை ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று போதும் என்பது அந்த நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகு அடிக்கும் அலாரத்தை, விழாமல் தடுக்கும் வேலியோடு ஒப்பிட முடியாது.

ஆய்வாளர் வருவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு டேப்பும் பத்து நிமிடமும் போதும். குளத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்தில் வேலியைச் சுற்றிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத படிகள் அப்போது தெரியும். கேட்டை முழுசா, பாதி, ஒரு சாண் என்று மூன்று விதமாகத் திறந்து விட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மூன்றில் ஒருமுறை கொண்டி விழவில்லை என்றாலும் கீலைச் சரிசெய்யும்வரை குழந்தையைப் பின்பக்கம் தனியாக விடாதீர்கள். அந்தக் கதவைப் பூட்டியே வையுங்கள்.