"இங்க தமிழில பேச ஏலுமா சேர்?"



போன கிழமை எங்கள் பாடசாலையில் இந்த வருடக் கல்விச் சுற்றுலாவுக்கான கூட்டம் நடந்தது. வழமையான பட்டியல்தான்: தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பாராளுமன்றம், தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல். நான் ஒரு விடயம் சொல்ல நினைத்தேன், கூட்டத்தில் நேரம் போதவில்லை. பெற்றாரும் பழைய மாணவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் தரம் 9 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாராளுமன்றம் போனோம். இரவு ஊரிலிருந்து பஸ் ஏறி, வழியில் ஒரு பள்ளியில் சுபஹ் தொழுது, கோட்டே போய்ச் சேரும்போது பாதிப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில். பாதுகாப்புச் சோதனை முடிந்து வரிசையாக உள்ளே போய்ப் பார்வையாளர் கலரியில் அமர்ந்தோம். அன்று சபை அமர்வு இல்லை. கீழே வெறும் ஆசனங்கள், மேலே வெள்ளி ஓலைகள் போலத் தொங்கும் அந்தப் பெரிய விளக்கு. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பக்கத்தில் இருந்த ஒரு மாணவன் மெல்லக் கேட்டான்: "சேர், இங்க தமிழில பேச ஏலுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சத்தம் போடாம இரிங்க மகன், அடுத்த இடத்துக்குப் போக நேரமாகுது."

திரும்பி வரும்போது, பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடி ஓய்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னை உறுத்த ஆரம்பித்தது. பதினான்கு வயதுப் பிள்ளை, தமிழ் மொழியில் படிக்கிற பிள்ளை, தன் நாட்டின் சட்டம் இயற்றுகிற சபையில் தன் மொழி செல்லுமா என்று சந்தேகப்பட்டுக் கேட்கிறான். குடியுரிமைக் கல்வியில் பரீட்சைக்குப் பதில் எழுத அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த மண்டபமும் தானும் சம்பந்தப்பட்டவை என்று அவனுக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கக் கிடைத்த ஒரேயொரு நிமிடத்தை நான் அவசரத்தில் தட்டிவிட்டேன்.

குறை பாராளுமன்றத்தில் இல்லை, ஆயத்தமில்லாமல் போன எங்களில். ஆசிரியர்களாகிய நாங்கள் அதை மிருகக்காட்சிசாலைக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு தரிப்பிடமாக வைத்திருக்கிறோம். 2022 ஜூலை 9க்குப் பிறகு ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தது நினைவிருக்கும். எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வந்த படங்கள் எவை? நீச்சல் தடாகமும் கட்டிலும். அந்த அறைகளில் எடுத்த எந்த முடிவு எங்களை எரிபொருள் வரிசையில் நிறுத்தியது என்று பேசியவர்கள் குறைவு. பெரியவர்களே அப்படியென்றால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

"மிளகாய்த்தூள் வீசின இடத்தில படிக்க என்ன இருக்கு?" என்று கூட்டத்தில் ஒரு பெற்றார் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். 2018 நவம்பரில் சபைக்குள் அது நடந்தது உண்மை. ஆனால் அதை வீட்டு டீவியில் பார்த்த பிள்ளைக்கு, அந்த இடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால் மிளகாய்த்தூள் மட்டும்தான் மனதில் நிற்கும்.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது. தியவன்னா வாவிக்கு நடுவில் நிற்கும் அந்தக் கட்டிடத்தை வடிவமைத்தவர் ஜெஃப்ரி பாவா. 1982 ஏப்ரல் 29ஆம் திகதி திறக்கப்பட்டது. அப்போது சபாநாயகராக இருந்தவர் எம். ஏ. பாக்கீர் மாக்கார். அதற்கு முன் 1956இல் அதே பதவிக்கு வந்தவர் புத்தளத்தின் எச். எஸ். இஸ்மாயில். சாஹிராக் கல்லூரி அதிபராக இருந்த டி. பி. ஜாயா காலிமுகத்திடலில் இருந்த பழைய சபையில் இருந்துகொண்டே இந்த நாட்டின் சுதந்திரத்துக்காகப் பேசினார். அவரும் ஓர் ஆசிரியர்தான்.

225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து தெரிவாகிறவர்கள், 29 பேர் தேசியப் பட்டியல். எங்கள் திகாமடுல்ல மாவட்டத்துக்கு 7 ஆசனங்கள். ஆளும் தரப்பு சபாநாயகரின் வலப் பக்கம், எதிர்த் தரப்பு இடப் பக்கம். இதை முதலே தெரிந்துகொண்டு போகும் பிள்ளை வெறும் ஆசனங்களைப் பார்த்தாலும் அதில் தன் ஊரைத் தேடும்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. பட்டியலில் ஓர் இடத்தைக் குறைப்போம், அவசரம் குறையும். போவதற்கு முந்திய கிழமை இரண்டு பாடவேளை ஒதுக்குவோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வரட்டும். அனுமதி கேட்டு எழுதும் கடிதத்திலேயே தமிழில் விளக்கம் வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்போம். முடிந்தால் சபை அமரும் நாளைக் கேட்போம். சண்டை நடந்தாலும் பரவாயில்லை, அதையும் பார்க்கட்டும்.

"பிள்ளைகள் சந்தோசமாப் போய் வரட்டுமே, அங்கயும் பாடமா?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயம்தான். நானும் பிள்ளைகளைக் கடலில் விளையாடாமல் கூட்டிவரச் சொல்லவில்லை. ஆனால் பல வீடுகளில் உம்மாமார் கைமாற்று வாங்கித்தான் அந்தப் பஸ் காசைக் கட்டுகிறார்கள். அந்தக் காசுக்குப் படங்களோடு வேறு ஏதாவதும் வீட்டுக்கு வர வேண்டும்.

பெற்றாரிடமும் ஒன்று. பிள்ளை திரும்பி வந்ததும் "எங்க சாப்பிட்ட?" என்று கேட்பதோடு, "அங்க என்ன கேட்ட?" என்றும் கேளுங்கள்.

அந்த மாணவன் இப்போது தரம் 11, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். நேற்று அவனைக் கூப்பிட்டு என் கடனை அடைத்தேன். "ஏலும் மகன். அங்க தமிழில பேசலாம். மற்ற மொழிக்காரருக்கு விளங்க உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் இரிக்கி. நீங்க தமிழில பேசினா ஹன்சாட்டிலயும் தமிழிலயே பதிவாகும்" என்றேன்.

"அப்ப யாரும் பேசுறாங்களா சேர்?" என்று திருப்பிக் கேட்டான்.

ஹன்சாட்டை எடுத்து இருவரும் சேர்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.