மருந்து என்று சொல்லாதீர்கள்

"மருந்து அடிச்சாச்சா?" ஐப்பசி, கார்த்திகையில் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல்காட்டு ஜனங்கள் நான்கு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டப்பாவில் களைக்கொல்லி என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். கடைக்காரரும் சம்சாரியும் மருந்து என்கிறார்கள். கொல்லி எப்படி மருந்தாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஏமாற்று நம்மிடம் மட்டும் இல்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் களைக்கொல்லிக்கு 'தெஸேர்பான்' என்று நேரான சொல் உண்டு. ஆனால் கடையிலும் அரசாங்கக் காகிதத்திலும் இதையெல்லாம் 'ப்ரொத்யுய் ஃபித்தோசனித்தேர்' என்பார்கள். பயிர்நலப் பொருள் என்று அர்த்தம். விஷத்துக்கு நல்ல பெயர் வைத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது.

நான் சொல்ல வருவது பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றி. கிராமக்சோன் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1962-ல் விற்பனைக்கு வந்தது. "இலையைத்தானே கருக்குகிறது, ஜாக்கிரதையாகக் கையாண்டால் மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது" என்று இன்றும் வாதாடுகிறார்கள். இலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அப்படிப் பேச வாய் வராது.

வெயிலைக் கொண்டு இலை சோறு சமைக்கிறது என்று சின்ன வகுப்பில் படித்தோம். அந்த அடுப்பில் எப்போதும் கொஞ்சம் தீப்பொறி தெறிக்கும். ஒளியின் பலத்தால் கிளம்பிய எலக்ட்ரான் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டால், அது சூப்பர்ஆக்சைடு என்ற நச்சாக மாறிவிடும். உப்பளத்து இரும்பைத் துரு தின்கிறதே, அதுபோல உயிரணுவின் சவ்வை அது அரிக்கும். வெயில் கூடினாலும், தண்ணீர் குறைந்தாலும், உப்பு ஏறினாலும் இந்தப் பொறி அதிகமாகும்.

அதற்கு இலை வரிசையாகக் காவல் வைத்திருக்கிறது. முதல் காவல், சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி. 1969-ல் இதைக் கண்டறிந்து சொன்னவர்கள் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும். அது சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். ஆகவே அடுத்த காவல்: வைட்டமின் சி-யைச் செலவழித்து இன்னொரு நொதி அதைத் தண்ணீராக்கிவிடும். செலவான வைட்டமின் சி-யைக் குளூட்டாதயோன் என்ற பொருள் மீட்டுக் கொடுக்கும். சவ்வுக்குள் வைட்டமின் ஈ காவல் நிற்கும். கேட்டலேஸ் என்று இன்னொரு நொதியும் உண்டு. புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதே, அது நம் உடம்பில் உள்ள கேட்டலேஸ் செய்கிற வேலை. இலைக்கும் நமக்கும் பொதுவான காவல்காரர்கள் இவர்கள்.

பாராகுவாட் இந்த அடுப்பில் வந்து உட்காருகிறது. எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும். கொடுத்த கையோடு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்ததைப் பறிக்கும். தான் செலவாகாமல் இதையே திரும்பத் திரும்பச் செய்யும். கொஞ்ச நேரத்தில் வைட்டமின் சி தீர்ந்துபோகும், நொதிகள் திணறும், சவ்வு கிழியும். வெயில் ஏறிய சில மணி நேரத்தில் இலை வாடி, பிறகு கருகிவிடும். கோடிக்கணக்கான வருஷம் வெயிலோடு பழகிய இலை, இத்தனை காவல் இருந்தும் ஒரு பகல் தாங்கவில்லை.

நம் நுரையீரல் என்ன செய்யும்? உடம்புக்கு வேண்டிய வேறு சில பொருள்களை உள்ளே இழுப்பதற்காக நுரையீரல் உயிரணுவில் ஒரு வாசல் இருக்கிறது. பாராகுவாட்டின் உருவம் அவற்றைப் போல இருப்பதால், அதே வாசல் வழியாக நுரையீரலே அதை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. இலைக்காவது வெயில் வேண்டும். நுரையீரலில் இரவும் பகலும் ஆக்சிஜன் இருக்கிறதே! அதனால்தான் மூச்சு முட்டுகிறவருக்கு ஆக்சிஜன் வைக்கவே மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். அது நெருப்புக்கு நெய் வார்ப்பது. மாற்று மருந்து கிடையாது. முதல் சில நாள் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும்.

இந்த டப்பாவின் முத்திரையில் மண்டையோடு கூடக் கிடையாது. அது சிவப்பு முத்திரைக்கு மட்டும். பாராகுவாட்டுக்கு மஞ்சள்.

"மண்ணைத் தொட்டதும் செத்துவிடும்" என்பது இன்னொரு வாதம். சாவதில்லை. களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கிறது. செடிக்கு ஏறாது, அவ்வளவுதான். தெளிப்பான் ஒழுகி முதுகு நனைகிறவருக்கும், கையில் வெட்டுக்காயத்தோடு கலக்குகிறவருக்கும் அதனால் என்ன லாபம்? கையுறை, முகமூடி, முழுக்கை அங்கி என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அடிக்கிற ஒரு கூலி ஆளைக் காட்டுங்கள்.

மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இதை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்களுக்காக ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகனிதா அமைப்பு குரல் கொடுத்தது. 2002-ல் அந்த அரசு தடை அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது, கடைசியில் 2020-ல் முழுத் தடை வந்தது. இதற்கிடையே அந்தத் தோட்டங்களில், கேழ்வரகுக்கு உறவான ஒரு புல் பாராகுவாட்டுக்கே சாகாமல் நிற்கப் பழகிவிட்டது. களை கற்றுக்கொண்டது. பாட்டாளியின் நுரையீரல் கற்றுக்கொள்ளுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ல் நீதிமன்றமே இதன் அனுமதியை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். தங்கள் வயலுக்கு ஆகாதது நம் வயலுக்கு ஆகுமாம். இலங்கை 2008 முதல் 2011-க்குள் படிப்படியாக நிறுத்தியது. தென் கொரியாவில் 2012-ல் விற்பனை நின்றது. அடுத்த ஆண்டிலேயே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி குடித்துச் சாகிறவர்கள் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை. மனம் உடைந்த நேரத்தில் இது கைக்கு எட்டாமல் இருந்தால் போதும், அந்த நேரம் கடந்துபோகும், ஆள் பிழைத்துவிடுவார்.

"களை எடுக்க ஆள் எங்கே? எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள்" என்கிறார்கள். கஷ்டம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் பவர் வீடர், மூடாக்கு, இடை உழவு. வேளாண் பொறியியல் துறை பவர் வீடருக்கு மானியம் தருகிறது. ஆள் பற்றாக்குறைக்கு ஆளையே பலி கொடுப்பது என்ன கணக்கு?

2023 தொடக்கத்தில் தமிழக அரசு, தற்கொலைகளைத் தடுப்பதற்காக மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாளைக்குத் தடை செய்தது. நல்ல காரியம். பாராகுவாட் அந்தப் பட்டியலில் இல்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிற தடை அதிகாரமும் தற்காலிகமானதுதான். ஒரு உளுந்து வெள்ளாமை முடியக்கூட அந்த 60 நாள் போதாது. பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் தில்லியில் இருக்கிறது. காலமெல்லாம் கோப்பு சுமந்தவன் சொல்கிறேன்: கீழிருந்து மனு போகாமல் மேலே கோப்பு நகராது. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் மனுக் கொடுக்கிற கையால் இதற்கும் ஒரு மனுக் கொடுங்கள். பாராகுவாட்டின் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்க வேண்டும் என்று ஒரே வரி போதும்.

அதுவரை ஒன்று செய்யலாம். எப்படியோ இது யார் உடம்பிலாவது போய்விட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேரப்பிள்ளைகள் காதில் விழும்படி இதை மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள். விஷம் என்றே சொல்லுங்கள்.