பிளாட்பாரம் டிக்கெட்டில் பயணம் செய்ய முடியாது



நீலசந்திராவின் சந்துகளில் இப்போது ஒரு நோட்டீஸ் ஒட்டாத சுவரைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. "எட்டாம் வகுப்பிலிருந்தே காலேஜ் பாடம்! டாக்டர், இன்ஜினியர் சீட் உங்கள் வீட்டுக்கு!" சினிமா போஸ்டருக்கு அடுத்தபடியாக நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பது இதைத்தான். இந்த நோட்டீஸைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசியே தீர வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு தாய் நம் சங்கத்துக்கு வந்தார். கணவர் சென்ட்ரிங் வேலை செய்கிறார். இவர் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். மகள் சர்க்கார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பிச் சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்து, காதில் கிடந்ததை அடகு வைத்து, ஒரு கோச்சிங் நிலையத்தில் முதல் தவணை கட்டிவிட்டார்கள். பள்ளி விட்டதும் அங்கே ஓட்டம். இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு. நாலு மாதத்தில் பள்ளிப் பாடம் பின்தங்கியது. இரண்டாம் தவணை தாமதமானதும் பெண்ணை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கட்டினது கட்டினதுதான்" என்று பதில். அந்தத் தாய் ரசீதை நம் மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "நாங்க ஆசைப்பட்டது தப்பா அண்ணே?"

தப்பே இல்லை. கல் சுமந்தவன் பிள்ளை கட்டடத்துக்குப் பிளான் போட வேண்டும் என்பதைவிட நியாயமான ஆசை வேறு என்ன இருக்கிறது? ஆசையில் குற்றமில்லை. அந்த ஆசையை வைத்து நடக்கும் வியாபாரத்தில்தான் குற்றம்.

அவர்கள் விற்கிற சரக்கு என்ன? தமிழ்நாட்டில் 1978இல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் அங்கே பள்ளிக்கூடத்துப் பாடம். கர்நாடகத்தில் அதே இரண்டு ஆண்டுகள் இன்னும் பி.யூ. காலேஜ் என்றே வழங்குகின்றன. ஆகவே தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த நம் ஜனங்களின் காதில் "காலேஜ் பாடம்" என்ற சொல் பெரிதாக ஒலிக்கிறது. விற்கப்படுவதோ பதினோராம் வகுப்புப் பாடத்தின் ஒரு துண்டு. அதையும் இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகக் கொடுப்பதற்குத்தான் இவ்வளவு விலை.

"வெளிநாட்டில் பள்ளியில் படிக்கும்போதே காலேஜ் படிக்கிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1985இல் அதற்கென்றே சட்டம் வந்தது. அங்கே பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புப் பிள்ளைகள் கல்லூரி வகுப்பில் போய் உட்காரலாம். கட்டணத்தை மாநில அரசு கட்டும். தேறினால் அந்தத் தேர்ச்சி பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். இந்த இரண்டையும் கவனியுங்கள்: செலவு சர்க்காருடையது, பலன் பிள்ளையின் கணக்கில் பதிவாகிறது.

இங்கே? செலவு தாயின் கம்மல். பலன் எந்தக் கணக்கிலும் ஏறாது. கர்நாடகத்தில் இன்ஜினியரிங் இடத்துக்கு இரண்டாம் பி.யூ.சி. மதிப்பெண் பாதி, சி.இ.டி. மதிப்பெண் பாதி. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். ஒன்பதாம் வகுப்பில் கோச்சிங் போன சான்றிதழுக்கு இந்தக் கணக்கில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

நாம் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறவர்கள். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் வண்டியருகே நிற்கலாம். ஏறி உட்கார முடியாது. அந்த நோட்டீஸ் விற்பது பிளாட்பாரம் டிக்கெட்; வாங்கும் விலையோ முதல் வகுப்பு விலை!

முன்கூட்டிப் படித்தால் பரீட்சை சுலபமாகாதா என்று கேட்கலாம். ஓரளவு ஆகும், மறுக்கவில்லை. ஆனால் தனி அறையும் நிறைந்த வயிறும் உள்ள பிள்ளைக்கு அது கூடுதல் பலம். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, அதே வேகம் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கையே கவிழ்த்துவிடலாம். அஸ்திவாரம் காயும் முன்னே இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போடலாமா என்று எந்த மேஸ்திரியிடமும் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் வண்டியில் ஏற்றும் டிக்கெட் எது? நமக்குத் தெரிந்த நான்கைச் சொல்கிறோம்.

முதலாவது, ஏழு ஆண்டுக் கணக்கு. சி.இ.டி. மூலம் இடம் பெறப் பொதுவான விதி, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி.க்குள் குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யூ.சி.யை இங்கே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ, 6 முதல் 12 வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் இன்ஜினியரிங்குக்கும் வந்தது. வேலை இல்லாதபோது பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதும், வேலை வந்ததும் திரும்ப அழைப்பதுமாக இருந்தால் இரண்டு ஊர் உரிமையும் கை நழுவும். எந்தக் கோச்சிங்கும் இதை ஈடுகட்டாது.

இரண்டாவது, கன்னட வழி. ஒன்று முதல் பத்து வரை கன்னட வழியில் படித்தவர்களுக்கு இங்கே 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளைகள் பலர் சர்க்கார் கன்னடப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது இந்த ஒதுக்கீட்டுக்குத் தடையல்ல. அந்தப் பள்ளிச் சான்றிதழைப் பத்திரமாக வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, பாலிடெக்னிக். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மூன்றாண்டு டிப்ளமா. பிறகு டி.சி.இ.டி. எழுதி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பி.யூ. வயதிலேயே தொழில் கல்லூரியில் கால் வைப்பது என்றால் இதுதான். படித்த படிப்பு கணக்கில் ஏறுகிறது. நடுவில் குடும்பம் தடுமாறினாலும் கையில் டிப்ளமா இருக்கிறது.

நான்காவது, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பு. பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளையும் இதற்கு விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடத்தை இணையத்தில் படித்து, நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். தேறினால் பன்னிரண்டு முடித்ததும் சேரலாம். ஜே.இ.இ. தேவையில்லை. பாடம் ஆங்கிலத்தில், கட்டணமும் உண்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகையும் உண்டு. எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டோம். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

இனி, ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் நிலையங்களுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகே சேர்க்கலாம். பள்ளி நேரத்தில் வகுப்பு நடத்தக் கூடாது. ரேங்க் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. முழுப் பணமும் கட்டிவிட்டு நடுவில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். ஆக, எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூவி அழைக்கும் அந்த நோட்டீஸே இந்த நெறிமுறைக்கு விரோதமானது. ஆனால் காகிதத்தில் உள்ள நெறிமுறை தானாக நடந்து வந்து நம் பணத்தை வாங்கித் தராது. அதை இங்கே கட்டாயமாக்கி அமல் செய்ய வேண்டியது மாநில சர்க்கார். செய்ய வைக்க வேண்டியது நாம்.

2020இல் கொரோனாவில் காலேஜ்கள் மூடிக் கிடந்தபோது, கர்நாடக சர்க்காரே சி.இ.டி., நீட் பயிற்சியை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆகவே நம் கோரிக்கை இது: நகரத்தின் ஒவ்வொரு அரசு பி.யூ. கல்லூரியிலும் மாலை நேரத்தில் இலவச நுழைவுத் தேர்வு வகுப்பு நடக்க வேண்டும். சர்க்கார் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் காலி இடமில்லாமல் ஆசிரியர் வேண்டும். இதற்கான மனுவில் கையெழுத்து வாங்க நம் தோழர்கள் வீடு வீடாக வருவார்கள்.

அதுவரை ஒரு வேண்டுகோள். எந்த நிலையத்திலும் பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். பிள்ளையின் மார்க் ஷீட்டையும் பள்ளிச் சான்றிதழ்களையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். ரசீதோடு வந்த அந்தத் தாயின் மகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். சங்கத்தின் பெஞ்சில்தான் மாலையில் கணக்குப் போடுகிறாள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறாள். அடகு வைத்த கம்மல் இன்னும் மீளவில்லை. இன்னொரு வீட்டுக் கம்மல் அந்த வழியில் போகாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.