தூதுவரின் வேட்டியும் தீவகத்து மின்சாரமும்

2021 டிசெம்பரில் இலங்கைக்கான சீனத் தூதுவர் கீ சென்ஹொங் வேட்டி கட்டி, மேலாடை இல்லாமல் நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவர் ஏன் வந்தார்? பக்தியால் வந்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மீனவருக்கு வலை கொடுத்ததற்கு ஒரு பொருள் சொன்னார்கள். மன்னார்க் கடலில் படகேறி மணல்திட்டுகளைப் பார்க்கப் போனதற்கு இன்னொரு பொருள். வேட்டியின் கரைக்கு மட்டும் யாரும் உரை எழுதவில்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் சீனத் தூதரகம் டுவிட்டரில் ஓர் அறிவித்தல் விட்டிருந்தது. யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சீன நிறுவனம் அமைக்கவிருந்த மின்திட்டம், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் இடைநிறுத்தப்பட்டுவிட்டது. அந்த நிறுவனம் மாலைதீவுக்குப் போகிறது. மூன்றாம் தரப்பு யார் என்று தூதரகம் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நெடுந்தீவிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்.

இந்த மூன்று தீவுகளும் தேசிய மின்வலையமைப்போடு இணையாதவை. அப்போது மின்சார சபையின் டீசல் இயந்திரங்கள்தான் அங்கே வெளிச்சம் தந்தன. எண்ணெயும் கடல் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. இதற்கு மாற்றாகத் தீட்டப்பட்டது பெரிய திட்டம் ஒன்றுமல்ல: 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்றாலை, 2,400 கிலோவாற் மணி சேமிக்கும் மின்கலங்கள், தேவைக்குக் கைகொடுக்க டீசல். செலவு சுமார் 12 மில்லியன் டொலர். வல்லரசுகளின் கணக்கில் சில்லறை. 2021 ஜனவரியில் அமைச்சரவை இதை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கியது. அன்று தொடங்கியது நோக்க ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. பணம் சீனாவுடையது அல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதி அது. அந்த வங்கியின் மிகப்பெரிய பங்காளர்கள் ஜப்பானும் அமெரிக்காவும். சீன நிறுவனம் விலைமனுவில் வென்ற ஒப்பந்தக்காரர், அவ்வளவே. ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை வைத்துச் சொல்லப்படும் கடன்பொறிக் கதையை நெடுந்தீவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பொருத்தினார்கள். ஒருவருடைய உள்நோக்கம் நமக்குத் தெரியும் என்று முடிவுகட்டிவிட்டால், பிறகு காகிதத்தைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை போய்விடுகிறது.

இந்தியாவின் நோக்கத்தைத் தோண்டி எடுக்கவேண்டியதில்லை. தன் தென்கரைக்கு எதிரே சீனர் வேலைத்தளம் அமைப்பதை அது விரும்பவில்லை. அதற்காகக் கடனுக்குப் பதிலாக அதே வேலையை நன்கொடையாகச் செய்துதர முன்வந்தது. சுயநலந்தான். ஆனால் அந்தச் சுயநலத்தால் இலங்கைக்கு ஒரு கடன் குறைந்தது. எங்களுடைய ஆய்வாளர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. கொடுப்பவர் மனம் தூய்மையாக இருந்தால்தான் கொடை நல்லது என்ற கணக்கு இங்கே பிழைக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2022 மார்ச்சில், இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது, புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. இந்திய நிறுவனமான யூசோலருடன் 11 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில். இடையில் 2 ஆண்டுகள். நாடு வங்குரோத்தானதும், ஜனாதிபதி ஒருவர் தப்பியோடியதும் அந்த இடைவெளியில்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் போட்டிக்காரர் களத்தில் நின்றபோது காட்டிய வேகம், அவர் மாலைதீவுக்குப் போன பிறகு இருந்ததா? நோக்கத்தை அறிவதால் ஒரு பயன் உண்டென்றால் அது இதுதான்: கொடுப்பவரின் தேவை எந்த நாளில் தீரும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு அது விடை தராது.

பரவைக் கடலுக்கு அப்பால் பூநகரியில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைத் திட்டம் அதானி குழுமத்துக்கு, திறந்த கேள்விப்பத்திரம் இல்லாமலே போனது. 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் பேர்டினாண்டோ, இந்தியப் பிரதமர் மோடி அழுத்தம் கொடுத்ததாக அன்றைய ஜனாதிபதி கோட்டாபய தன்னிடம் சொன்னார் என்று நாடாளுமன்றத்தின் கோப் குழுவில் கூறினார். கோட்டாபய மறுத்தார். பேர்டினாண்டோ சொன்னதை மீளப்பெற்றார், சில நாட்களில் பதவியும் விலகினார். யார் மனத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாராலும் நிறுவமுடியவில்லை. நிறுவத் தேவையும் இல்லை. 2024 மே மாதம் அமைச்சரவை அங்கீகரித்த விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது: ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 ஆண்டுகளுக்கு. அது கூடுதல் என்று புதிய அரசு பேச்சைத் திறந்தது. 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டார். மோடி அழுத்தம் கொடுத்தாரா இல்லையா என்ற வாதம் சாதிக்காததை ஒரு விலை சாதித்தது.

நோக்கத்தை விட்டுக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்பதைத் தீவார் அறியாதவர்கள் அல்ல. புங்குடுதீவிலும் வேலணையிலும் வெளிநாட்டுக் காசில் எழுந்த மண்டபங்களின் சுவரில் உபயகாரர் பெயர் மூலவரின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். பெயருக்காகச் செய்தார் என்று ஊர் சொல்லும். சொல்லிக்கொண்டே மண்டபத்தில் கலியாணமும் வைக்கும். ஆனால் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, திறப்பு யாரிடம் இருக்கும் என்பதைத் திறப்புவிழாவுக்கு முன்னரே பரிபாலன சபையில் சண்டைபிடித்துத் தீர்த்துவிடுவார்கள்.

மின்திட்டத்தில் அந்தச் சண்டைதான் நடக்கவில்லை. மின்கலங்கள் சாகாவரம் பெற்றவை அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றவேண்டி வரும். உப்புக்காற்று காற்றாலையின் இரும்பை அதற்கு முன்னரே தின்னத் தொடங்கும். மாற்றும் செலவு யாருடையது? பழுதுபார்க்க ஆள் எங்கிருந்து வருவார், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருப்பாரா? நன்கொடை என்பது முதல்நாள் செலவுக்கு மட்டுந்தானா? டில்லியையும் பெய்ஜிங்கையும் பற்றி எழுதிக் குவித்த கட்டுரைகளில் இவற்றுக்கு ஒரு பந்திகூட ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச சபை இருக்கிறது. நயினாதீவு வேலணைச் சபையின் கீழும், அனலைதீவு ஊர்காவற்றுறைச் சபையின் கீழும் வருகின்றன. இந்த மூன்று சபைகளில் ஒன்றாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டி, ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பிரிவுகளைத் தரும்படி கொழும்புக்குக் கடிதம் எழுதத் தன் ஊர்ப் பிரஜை ஒருவரைத் தூண்டலாம். வெளிநாட்டு உறவைக் காரணம் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மறுத்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு போடலாம்.